பிரிஸ்டல் விரிகுடாவில் ஒரு வாரம்: அலாஸ்கா மீன்பிடி லாட்ஜ் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

அலாஸ்காவின் பெரிய நகரமான ஆங்கரேஜிலிருந்து பிரிஸ்டல் விரிகுடாவுக்குச் சாலை கிடையாது. அலாஸ்காவின் தென்மேற்கில் இருக்கும் இந்தப் பகுதிக்கு விமானத்தில்தான் போக வேண்டும். இறங்கிய பிறகும் ஆற்றங்கரை லாட்ஜுக்கு, தண்ணீரில் இறங்கும் சிறிய மிதவை விமானமோ படகோ பிடித்தாக வேண்டும். உலகிலேயே மிக அதிகமாகச் சாக்கை சால்மன் திரும்பி வரும் இடம் இதுதான். 2022-ல் மட்டும் ஏறத்தாழ 7.9 கோடி மீன்கள் வந்தன.

இந்தக் கணக்கைக் கேட்டால், எந்த வாரம் போனாலும் ஆறு முழுக்க மீன் இருக்கும் என்றுதான் தோன்றும். அப்படி நம்பி, நல்ல படங்கள் போட்டிருக்கும் லாட்ஜாகப் பார்த்து, விடுப்பு கிடைக்கிற வாரத்தில் முன்பதிவு செய்பவர்கள் நிறையப் பேர். போய் இறங்கிய பிறகுதான், அவர்கள் மனதில் வைத்திருந்த மீன் வர இன்னும் மூன்று வாரம் ஆகும் என்று கைடு சொல்லுவார். அதனால் வரிசையை மாற்றிப் போடுங்கள். முதலில் மீன், அப்புறம் வாரம், அப்புறம் ஆறு, கடைசியில்தான் லாட்ஜ். இந்தக் கட்டுரையும் அதே வரிசையில் போகிறது.

படி 1: எந்த மீனுக்காகப் போகிறீர்கள்?

பசிபிக் சால்மனில் ஐந்து வகைகள் இந்த ஆறுகளுக்கு வருகின்றன. அவை கிங், சாக்கை, சில்வர், சம், பிங்க். பிறந்த ஆற்றுக்கே திரும்பி வந்து, முட்டையிட்டுவிட்டு இறந்துபோகும் மீன்கள் இவை. பெரும்பாலும் ஆறுகளிலும் ஏரிகளிலுமே வாழும் மீன்களும் இருக்கின்றன. ரெயின்போ ட்ரவுட், ஆர்க்டிக் சார், டாலி வார்டன், கிரேலிங், பைக் எல்லாம் அந்த ரகம். இந்த இரண்டு கூட்டத்தையும் பிடிக்கும் முறை வேறு, காலமும் வேறு.

எல்லாவற்றிலும் பெரியது கிங். ஜூன் நடுவிலிருந்து ஜூலை வரை அதன் காலம். நுஷகாக் ஆறு ஒரு காலத்தில் கிங்குக்காகவே பேர் பெற்றது. சமீப ஆண்டுகளில் அங்கே வரத்து குறைந்துவிட்டதால் கட்டுப்பாடுகள் கடுமையாகிவிட்டன. பருவத்தின் நடுவிலேயே அவசர ஆணை போட்டு மூடிவிடவும் முடியும். கிங் மட்டும்தான் வேண்டும் என்று ஒருவர் கேட்டால், இப்போதைக்கு இந்தப் பகுதியை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

சாக்கை ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடு வரை திரளாக வரும். ஜூலை முதல் வாரத்தை ஒட்டி உச்சம். கடலில் மிதவை உயிரிகளைத் தின்று வளரும் மீன் இது. ஆற்றுக்குள் நுழைந்ததும் சாப்பிடுவதையே நிறுத்திவிடும். ஆகவே இரையைத் துரத்திக் கடிக்கும் என்று காத்திருந்தால் நடக்காது. கரையை ஒட்டி, முழங்கால் ஆழத் தண்ணீரில் வரிசையாக மேலேறிப் போகும் கூட்டத்தின் முன்னால் ஃப்ளையை (முள்ளில் இறகும் நூலும் கட்டிச் செய்த போலி இரை) ஆற்றின் அடியை ஒட்டி உருட்டிவிட வேண்டும். லைன் (தூண்டில் நூல்) வாய்க்குள் மாட்டி, முள் தாடையோரம் ஏறும். இதைத் தூண்டில் கலை என்று ஒப்புக்கொள்ளாதவர்கள் உண்டு. ஆனால் சாக்கை மாட்டியதும் ஓடும் ஓட்டத்தையும் அதன் சிவந்த சதையின் ருசியையும் பார்த்த பிறகு அந்த வாதம் கொஞ்சம் அடங்கிவிடும். ஒன்றை மறக்க வேண்டாம்: வாயில் இல்லாமல் முதுகிலோ துடுப்பிலோ முள் ஏறிய மீனை ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பது சட்டம்.

சில்வர் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் வரை. இதற்குக் கோபம் அதிகம். இளஞ்சிவப்பு நிறத்தில் எதைப் போட்டாலும் துரத்தும். தண்ணீர்ப் பரப்பில் சலசலவென்று இழுத்துக்கொண்டு போகும் ஃப்ளையைப் பின்னாலிருந்து வந்து அள்ளும். முதல் முறை போகிறவருக்கு இதைவிட நல்ல சால்மன் இல்லை. சம் ஜூலையில் வரும், சண்டைக்காரன், சாப்பிட அவ்வளவு நன்றாக இருக்காது. பிங்க் இரட்டைப்படை ஆண்டுகளில் மட்டும் கூட்டமாக வரும்.

இனி ரெயின்போ. இந்தப் பகுதியின் உண்மையான கவர்ச்சி அதுதான். அதன் வயிறு சால்மனின் வாழ்க்கையோடு சேர்ந்தே ஓடுகிறது. வசந்தத்தில் ரெயின்போ முட்டையிடும் காலத்தில், ஏப்ரல் 10 முதல் ஜூன் 7 வரை, இங்குள்ள பெரும்பாலான ஆறுகளில் தூண்டில் போடக் கூடாது. ஜூன் 8-ல் திறக்கும்போது, குட்டி சால்மன்கள் ஏரியிலிருந்து கடலுக்குக் கிளம்பும் நேரம். ஏரி ஆறாகும் வாயில் ரெயின்போக்கள் காத்திருக்கும். அப்போது சிறு மீன் போலச் செய்த ஸ்ட்ரீமர் ஃப்ளைதான் வேலை செய்யும். ஜூலையில் அவை சிதறிவிடும். சிறு ஓடைகளில், எலி போலச் செய்த ஃப்ளையைப் புல் விளிம்பிலிருந்து குறுக்காக நீந்தவிட்டால் வெடித்துக் கிளம்பும். பார்க்க அதைவிட அருமையான கடி கிடையாது. ஆகஸ்டில் சால்மன் முட்டையிடத் தொடங்கியதும் ரெயின்போ வேறு எதையும் ஏறிட்டுப் பார்க்காது. முட்டையின் நிறமும் அளவும் உள்ள பிளாஸ்டிக் மணியைத்தான் கட்ட வேண்டும். செப்டம்பரில் முட்டையோடு, இறந்த சால்மனின் சதைத் துணுக்குகளும் ஆற்றில் மிதந்து வரும். ரெயின்போ ஆண்டிலேயே அதிக எடையோடு இருப்பது அப்போதுதான். நாக்நெக், க்விசாக் ஆறுகளில் 30 அங்குல மீனைத் தேடி வருபவர்கள் செப்டம்பர் கடைசிக்குத்தான் முன்பதிவு செய்வார்கள்.

தூண்டிலே பிடித்திராத ஒருவர் உங்களோடு வருகிறாரா? கிரேலிங் உள்ள ஓடைக்கு ஒரு நாள் கேளுங்கள். பாய்மரம் போல முதுகுத்துடுப்பு விரியும் இந்தச் சின்ன மீன், சுமாராக விழுந்த ஃப்ளையையும் மன்னித்துவிட்டு மேலே வந்து எடுக்கும்.

படி 2: வாரத்தைக் குறியுங்கள்

மீன் முடிவானால் வாரம் பாதி முடிவானது மாதிரி. உறையவைத்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சால்மன் வேண்டும் என்றால் ஜூலையின் முதல் பத்து நாள். பெரிய ரெயின்போ மட்டும் போதும் என்றால் செப்டம்பர். இரண்டிலும் கொஞ்சம் வேண்டும், முதல் பயணம் என்றால் ஆகஸ்டின் கடைசி இரண்டு வாரங்களைச் சொல்வேன். ஒரே நாளில் காலையில் சில்வரும் மாலையில் ரெயின்போவும் கிடைக்க வாய்ப்புள்ள காலம் அது. கொசுவும் அதற்குள் குறைந்திருக்கும். ஆனால் மழையும் காற்றும் கூடும். விமானம் கிளம்ப முடியாத காலைகளும் அதிகமாகும். ஜூன் கடைசியில் பகல் சுமார் 18 மணி நேரம். இரவு பதினொரு மணிக்கும் லாட்ஜ் முன்னால் நின்று தூண்டில் போடலாம். ஆகஸ்ட் கடைசியில் அந்தச் சலுகை இல்லை.

படி 3: ஆறும் லாட்ஜும்

லாட்ஜுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, தினமும் மிதவை விமானத்தில் வேறு வேறு ஆற்றுக்குக் கூட்டிப்போகும் லாட்ஜ். இலியாம்னா ஏரியைச் சுற்றியும், வுட்-டிக்சிக் மாநிலப் பூங்காவை ஒட்டியும் இந்த வகை அதிகம். இலியாம்னா அலாஸ்காவின் மிகப் பெரிய ஏரி. வுட்-டிக்சிக் அமெரிக்காவின் மிகப் பெரிய மாநிலப் பூங்கா, 1978-ல் அமைக்கப்பட்டது. ஒரு ஆறு கலங்கினால் இன்னொன்றுக்குப் பறக்கலாம் என்பது இதன் பலம். செலவு அதிகம். ஒரு வாரத்துக்கு ஒருவருக்கு 10,000 டாலரைத் தாண்டுவது சாதாரணம்.

இரண்டாவது, ஒரே ஆற்றின் கரையில் இருந்துகொண்டு ஜெட் படகில் மேலும் கீழும் போகும் லாட்ஜ். நாக்நெக் ஆற்றில் இருப்பவை இதற்கு நல்ல உதாரணம். அந்த ஆறு கிங் சால்மன் என்றே பெயர் கொண்ட ஊரை ஒட்டி ஓடுகிறது. ஆங்கரேஜ் விமானம் இறங்கும் இடத்திலிருந்து லாட்ஜ் பக்கம். மூடுபனியில் மிதவை விமானங்கள் கட்டிப்போடப்பட்டிருக்கும் காலையிலும் படகு கிளம்பும். செலவும் கணிசமாகக் குறையும். முதல் முறை போகிறவர்கள் இந்த வகையைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். விளம்பரங்களில் விமானப் படங்கள் நிறைந்திருப்பதால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

மூன்றாவது, கூடார முகாமும் ரப்பர் படகுப் பயணமும். மேல் நீரோட்டத்தில் விமானம் இறக்கிவிடும். ஒரு வாரம் மிதந்து வந்து கீழே ஏறிக்கொள்வீர்கள். அலக்நாக் ஆறு இதற்குப் பெயர் போனது. உடம்பு ஒத்துழைப்பவர்களுக்கும், ஈரத்தில் தூங்கப் பழகியவர்களுக்கும் மட்டும்.

கட்மாய் தேசியப் பூங்காவுக்குள் புரூக்ஸ் லாட்ஜ் தனி ரகம். 1912-ல் நோவரப்டா எரிமலை வெடித்ததைத் தொடர்ந்து 1918-ல் பாதுகாக்கப்பட்ட நிலம் அது. லாட்ஜ் 1950-ல் தொடங்கியது. கரடிகள் அருவியில் சால்மன் பிடிக்கும் படங்கள் அங்கிருந்து வருபவைதான். மீனைவிடக் கரடி பார்க்க வரும் கூட்டம் அதிகம், அறைகளுக்குக் குலுக்கல் நடக்கும். தூண்டிலே நோக்கம் என்றால் அங்கே தங்க வேண்டியதில்லை. வேறு லாட்ஜிலிருந்து ஒரு நாள் பறந்து போய் வந்தால் போதும்.

பட்டியல் சுருங்கியதும் லாட்ஜுக்குத் தொலைபேசியில் பேசுங்கள். மின்னஞ்சலில் எல்லோரும் இனிமையாகத்தான் பதில் எழுதுவார்கள். ஒரு கைடுக்கு எத்தனை பேர்? இரண்டு பேர் என்றால் நல்லது, நான்கு என்றால் உங்கள் முறை வருவதற்குள் பொழுது போய்விடும். விலையில் எத்தனை விமான நாள்கள் அடங்கும்? வானிலையால் பறக்க முடியாத நாளில் மாற்று என்ன, பணம் திரும்புமா? ஆங்கரேஜிலிருந்து வரும் விமானக் கட்டணம் உள்ளடக்கமா? வேடர்ஸ் (ஆற்றில் இறங்கப் போடும் நீர்புகா உடை), பூட், ராடு (தூண்டில் கோல்) எல்லாம் இரவல் கிடைக்குமா? மீனைப் பொதிந்து உறையவைத்துத் தருவார்களா? ஜெனரேட்டர் இரவில் ஓடுமா? தூக்க மூச்சுக் கருவி வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். அப்புறம் ஒரு கேள்வி எல்லாவற்றையும் விடப் பயன் தரும்: ‘நான் சொல்லும் இந்த வாரத்தில், போன வருஷம் உங்கள் விருந்தினர்கள் என்ன பிடித்தார்கள்?’ நேர்மையான லாட்ஜ் மீனின் பெயரையும் ஆற்றின் பெயரையும் சொல்லும். ‘எல்லா வாரமும் பிரமாதம்’ என்று பதில் வந்தால் அடுத்த எண்ணை அழுத்துங்கள்.

உங்களைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். முழங்கால் வலி, நீந்தத் தெரியாமை, இதய மருந்து, உணவு ஒவ்வாமை, ஃப்ளை ராடைத் தொட்டதே இல்லை என்பது, எதுவானாலும். மளிகைச் சாமானும் விமானத்தில்தான் வருகிறது. சைவ உணவு வேண்டும் என்று வந்து இறங்கிய பிறகு சொன்னால் வாரம் முழுக்க உருளைக்கிழங்குதான்.

படி 4: உரிமமும் பயண ஏற்பாடும்

16 வயது நிறைந்த வெளியூர்க்காரர் எல்லோருக்கும் அலாஸ்காவின் விளையாட்டு மீன்பிடி உரிமம் வேண்டும். மாநிலத்தின் மீன், வனவிலங்குத் துறை இணையதளத்திலேயே வாங்கிவிடலாம். 7 நாள் உரிமம் 45 டாலர், 14 நாள் 75 டாலர் என்ற அளவில் இருக்கும். கிங் சால்மனுக்குத் தூண்டில் போடுவதானால் தனி முத்திரையும் வாங்க வேண்டும். ஆண்டு வரம்பு உள்ள மீனை வைத்துக்கொண்டால், அந்த இடத்திலேயே உரிமத்தின் பின்பக்கம் பேனாவால் பதிய வேண்டும். லாட்ஜுக்குப் போய்ப் பதியலாம் என்று தள்ளிப்போடக் கூடாது.

ஒவ்வொரு ஆற்றுக்கும் தனி விதிகள் உண்டு. இங்கே பல ஆறுகளில் இரை கூடாது, ஒற்றை முள் செயற்கைத் தூண்டில் மட்டும்தான். மணி கட்டினால் அது முள்ளிலிருந்து 2 அங்குலத்துக்குள் நிற்க வேண்டும், அல்லது லைனில் தடையின்றி ஓட வேண்டும். மீன் மணியைக் கவ்வும்போது முள் தொண்டைக்குள் போகாமல் வாயோரம் ஏறுவதற்காகத்தான் மணியை முள்ளிலிருந்து சற்று விலக்கிக் கட்டுகிறார்கள். ரொம்ப விலக்கினால் முள் கண்ணில், வயிற்றில் ஏறும். விதி அதற்குத்தான்.

ஆங்கரேஜிலிருந்து கிங் சால்மன், தில்லிங்ஹாம், இலியாம்னா ஊர்களுக்கு விமானங்கள் உண்டு. லாட்ஜ் எந்த ஊரிலிருந்து ஏற்றிக்கொள்ளும் என்று கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள். போகும்போது ஆங்கரேஜில் ஒரு இரவு தங்குங்கள். பெட்டி தாமதமானாலும் வந்து சேரும். திரும்பும்போதும் ஒரு இரவு இடைவெளி வையுங்கள். கடைசி நாள் மூடுபனி விழுந்தால் லாட்ஜிலிருந்து வெளியே வர முடியாது. அன்றே சர்வதேச விமானம் என்று திட்டம் போட்டவர்கள், பைலட்டின் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பைலட் அதற்கெல்லாம் அசைய மாட்டார், அசையவும் கூடாது.

மருத்துவ வெளியேற்றத்துக்குக் காப்பீடு எடுங்கள். தில்லிங்ஹாமில் ஒரு மருத்துவமனை இருக்கிறது. பெரிய சிக்கல் என்றால் ஆங்கரேஜுக்கு விமானத்தில்தான் கொண்டுபோக வேண்டும். அந்தக் கட்டணம் உங்கள் மொத்தப் பயணச் செலவையே மிஞ்சிவிடலாம்.

படி 5: மூட்டை

சிறு விமானத்தில் எடைதான் எல்லாம். பெரும்பாலான லாட்ஜுகள் ஆளுக்கு 50 பவுண்டு (சுமார் 23 கிலோ) அளவில் நிறுத்திவிடும். மிதவைக்குள்ளும் இருக்கைக்கு அடியிலும் திணிக்க வசதியாக, சக்கரமில்லாத துணிப்பை கொண்டுவாருங்கள். கெட்டிப் பெட்டி வேண்டாம்.

பருத்தி உடையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே மெரினோ கம்பளி, நடுவில் ஃபிளீஸ், மேலே நல்ல மழைக்கோட்டு. மழைக்கோட்டில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. வேடர்ஸ் மூச்சுவிடும் துணியில் இருக்கட்டும், இடுப்புப் பட்டை எப்போதும் இறுக்கியிருக்கட்டும். தண்ணீரில் விழுந்தால் உள்ளே நீர் வேகமாக நிறையாமல் தடுப்பது அந்தப் பட்டைதான். பூட் ரப்பர் அடியோடு. கம்பளி அடிப் பூட்டில் வேற்று ஆற்றின் கிருமிகளும் பாசியும் ஒட்டிக்கொண்டு வரும்.

போலரைஸ்டு கண்ணாடி இரண்டு ஜோடி. தண்ணீருக்குள் மீனைப் பார்க்கவும், காற்றில் திரும்பி வரும் முள்ளிலிருந்து கண்ணைக் காக்கவும் அது இல்லாமல் முடியாது. தலைக்குக் கொசுவலை. டீட் கலந்த பூச்சி மருந்து பிளாஸ்டிக்கையும் ஃப்ளை லைனையும் கரைக்கும். உள்ளங்கையில் படாமல் புறங்கையால் தடவுங்கள். கரடி ஸ்ப்ரேயைப் பயணிகள் விமானத்தில் எந்தப் பையிலும் கொண்டுவரக் கூடாது. அதை லாட்ஜ் தரும்.

ராடு விஷயத்தில் ரெயின்போவுக்கு 6-வெயிட், சாக்கைக்கும் சில்வருக்கும் 8-வெயிட், கிங்குக்கு 9 அல்லது 10. எண் கூடக் கூட ராடு பலமானது. ஃப்ளை இல்லாமல் கனமான போலி இரையை வீசும் ஸ்பின்னிங் ராடு பழக்கம் என்றால் அதையே கொண்டுவாருங்கள். சில்வருக்கு அது தாராளம், கைடு உங்களைக் கீழாகப் பார்க்க மாட்டார். புதிதாக வாங்கும் எண்ணம் இருந்தால் முதல் பயணத்தில் லாட்ஜ் ராடையே எடுத்துக்கொள்ளுங்கள். மிச்சமான பணத்தில் மழைக்கோட்டு.

படி 6: வீட்டிலேயே செய்ய வேண்டிய பயிற்சி

நீள வீச்சு தேவையில்லை. 12 மீட்டர் போதும், ஆனால் காற்றிலும் அது விழ வேண்டும். அதைவிட முக்கியம் வீசிய பிறகு லைனை மேல் நீரோட்டத்தின் பக்கம் தூக்கிப் போட்டுச் சரிசெய்வது. லைனை நீரோட்டம் வளைத்து இழுத்தால் மணி இயல்பாக உருளாது, ரெயின்போ தொடாது. பக்கத்துப் பூங்காப் புல்லில் தினம் பதினைந்து நிமிடம் இதைச் செய்தாலே பயணத்தின் முதல் நாள் வீணாகாது. முடிச்சு ஒன்றிரண்டைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டும் அளவுக்குப் பழகுங்கள். குளிரில் விரல் மரத்திருக்கும்.

கொஞ்சம் நடக்கவும் பழகுங்கள். சதுப்பு நிலத்தில் வேடர்ஸோடு ஒரு கிலோமீட்டர் என்பது தார்ச்சாலையில் நடப்பதைப் போல இருக்காது.

படி 7: விமானமும் முதல் காலையும்

லாட்ஜில் காலை உணவு ஆறரை ஏழுக்கு, விமானம் எட்டு வாக்கில். அநேகமாக அது பீவர் என்ற விமானமாக இருக்கும். 1947-ல் முதலில் பறந்து 1967-ல் உற்பத்தி நின்ற ரகம். இருந்தும் தண்ணீரிலிருந்து சுமையோடு சட்டென எழும்புவதால் அலாஸ்கா இன்னும் அதை விடவில்லை. சத்தம் அதிகம். காதடைப்பான் தருவார்கள்.

மிதவையில் ஏறும்போதும் இறங்கும்போதும் முன்பக்கம் நடக்கவே கூடாது, அங்கே விசிறி இருக்கிறது. கதவு எப்படித் திறக்கும் என்று கிளம்பும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். காற்றடைக்கும் உயிர்காப்பு உடையை உள்ளே இருக்கும்போது ஊதிவிடாதீர்கள். விமானம் கவிழ்ந்தால் அது உங்களைக் கூரையோடு அழுத்தி வைத்துவிடும். வெளியே வந்த பிறகுதான் இழுக்க வேண்டும்.

படி 8: ஆற்றில்

முதல் நாள் கைடிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள்: உங்களுக்கு என்ன தெரியும், இன்றைக்கு என்ன வேண்டும். நிறைய மீனா, ஒரே ஒரு பெரிய மீனா, படம் எடுக்க நேரமா, வீசக் கற்றுக்கொள்வதா? சொல்லாவிட்டால் அவர் எண்ணிக்கையைத்தான் குறிவைப்பார். முக்கால்வாசி விருந்தினர் அதைத்தான் கேட்கிறார்கள். அவர் ‘இரண்டடி மேலே’ என்றால் இரண்டடி மேலே போடுங்கள். மீன் இல்லை என்று நீங்கள் நினைக்கும் இடத்தில் நிற்கச் சொன்னாலும் நில்லுங்கள். பருவம் முழுக்க அந்த ஆற்றில் நிற்பவர் அவர்.

கடி விழுந்ததும் ராடை வானத்தை நோக்கித் தூக்குவது எல்லோருக்கும் வரும் பழக்கம். மணியில் ரெயின்போ எடுத்தால் கீழ் நீரோட்டத்தின் பக்கம் தாழ்வாக, பக்கவாட்டில் இழுங்கள். முள் வாயோரத்தில் ஏறும். எலி ஃப்ளையில் சத்தம் கேட்டதும் இழுத்தால் வெறும் ஃப்ளைதான் வரும். கனம் கையில் தெரியும் வரை பொறுங்கள். சொல்வது சுலபம். சால்மன் ஓடும்போது ரீலின் கைப்பிடியிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். சுழலும் பிடி விரலில் அடித்தால் நகம் கறுக்கும். மீன் ஓடட்டும், நின்றதும் சுற்றுங்கள்.

விடப்போகும் மீனுக்குக் கையை நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை அதன் மேல் வழவழப்பை உரித்துவிடும், அங்கேதான் பூஞ்சை பிடிக்கும். ரப்பர் வலைக்குள்ளேயே, தண்ணீரிலேயே முள்ளைக் கழற்றுங்கள். படம் வேண்டும் என்றால் கேமரா தயாரான பிறகு ஒரு நொடி தூக்கி உடனே இறக்குங்கள். அப்புறம் தலை நீரோட்டத்தை எதிர்த்திருக்க, அது தானாக உதறிக்கொண்டு போகும் வரை பிடித்திருங்கள்.

வைத்துக்கொள்ளும் மீன் என்றால் வெள்ளி மினுங்கும் மீனைத் தேர்ந்தெடுங்கள். வால் பக்கம் கடல் பேன் ஒட்டியிருந்தால் கடலை விட்டு வந்து அதிக நாள் ஆகவில்லை என்று அர்த்தம். செக்கச் சிவந்த சாக்கை படத்துக்கு அழகு, சதை கூழாகியிருக்கும்.

கரடி வரும். வராத நாள்தான் அதிசயம். இந்த ஆறுகள் முதலில் பழுப்புக் கரடிகளுடையவை, அவையும் நீங்களும் ஒரே மீனுக்குத்தான் வந்திருக்கிறீர்கள். கட்மாய் பூங்காவில் 50 கஜத்துக்குள் கரடி இருந்தால் தூண்டிலை நிறுத்தியே ஆக வேண்டும் என்பது விதி. மற்ற இடங்களிலும் கைடுகள் அதே மாதிரி நடந்துகொள்கிறார்கள். மீன் மாட்டித் துள்ளும் சத்தம் கரடிக்குச் சாப்பாட்டு மணி. அதனால் கைடு ‘அறு’ என்றால் யோசிக்காமல் லைனை அறுங்கள், எவ்வளவு பெரிய மீனானாலும் சரி. மனிதர் பக்கம் போனால் மீன் கிடைக்கும் என்று ஒரு கரடி ஒருமுறை கற்றுக்கொண்டால், பின்னால் வருபவர்களுக்கெல்லாம் ஆபத்து, கடைசியில் அந்தக் கரடிக்கும். ஓடக் கூடாது. கூட்டமாக நின்று சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே, அது போகும் வழியிலிருந்து விலகுங்கள். மதிய உணவுப் பையைக் கரையில் வைத்துவிட்டு ஆற்றில் இறங்கவே வேண்டாம்.

இன்னொரு ஆபத்து சத்தமில்லாமல் இருக்கும். தண்ணீர் கோடையிலும் கடும் குளிர். நீரோட்டத்துக்குக் குறுக்கே கடக்கும்போது கைடின் தோளைப் பிடிக்க வெட்கப்படாதீர்கள். நனைந்து நடுக்கம் தொடங்கினால் அப்போதே சொல்லுங்கள். நடுக்கம் நின்று பேச்சு குழறத் தொடங்கும் வரை பொறுத்திருப்பது வீரம் ஆகாது.

படி 9: பறக்க முடியாத நாள்

ஒரு வாரத்தில் ஒரு நாளாவது இப்படிப் போகலாம் என்று கணக்கில் வைத்தே கிளம்புங்கள். பைலட்டை வற்புறுத்தக் கூடாது, மற்ற விருந்தினர் வற்புறுத்தினாலும் சேர்ந்துகொள்ளாதீர்கள். லாட்ஜ் முன்னால் ஆறு இருந்தால் அங்கேயே தூண்டில் போடலாம். இல்லாவிட்டால் கைடிடம் ஃப்ளை கட்டக் கற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் வாய்விட்டுப் பேசுவதும் அன்றைக்குத்தான். எந்த ஆறு மாறிவிட்டது, கிங் ஏன் குறைந்தது, இந்த ஆறுகளின் தலைமாட்டில் வரவிருந்த பெபிள் சுரங்கத் திட்டத்தை 2023 ஜனவரியில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தடுத்த கதை என்று எல்லாம் வரும்.

படி 10: திரும்பும்போது

டிப்ஸ் ரொக்கமாகக் கொண்டுபோங்கள், காட்டில் ஏடிஎம் கிடையாது. தங்கும் செலவில் 10 முதல் 15 சதவீதம் என்பது வழக்கம். பல லாட்ஜுகளில் சமையல்காரர், படகுத்துறைப் பையன்கள் உட்பட எல்லோரும் பங்கிட்டுக்கொள்வார்கள். கைடுக்குத் தனியாகக் கொடுக்க வேண்டுமா என்று முதலிலேயே லாட்ஜில் கேட்டுவிட்டால் கடைசி நாள் சங்கடம் இல்லை.

மீனைக் காற்று நீக்கிப் பொதிந்து, கல்லாக உறையவைத்து, 50 பவுண்டுப் பெட்டியில் போட்டுத் தருவார்கள். அதைப் பயணப் பெட்டி மாதிரியே விமானத்தில் போடலாம். நன்றாக உறைந்திருந்தால் ஒரு நாள் பயணத்தைத் தாங்கும். உலர்பனி வைப்பதானால் விமான நிறுவனத்தின் அனுமதியோடு ஆளுக்கு 2.5 கிலோ வரைதான். ஆங்கரேஜில் இரவு தங்கும் விடுதியில் உறைபெட்டி இருக்கிறதா என்று முன்பே விசாரித்துவிடுங்கள். அமெரிக்காவுக்கு வெளியே போகிறவர்கள், தங்கள் நாட்டுச் சுங்கம் மீனை உள்ளே விடுமா என்று பார்த்த பிறகே எத்தனை மீனை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யுங்கள். விடாது என்றால் லாட்ஜிலேயே இரண்டு வேளை சாப்பிடும் அளவுக்கு மட்டும் எடுங்கள்.

அடுத்த ஆண்டும் வரும் எண்ணம் இருந்தால் கிளம்பும் முன்னரே வாரத்தைச் சொல்லி முன்பணம் கட்டிவிடுங்கள். நல்ல லாட்ஜுகளில் ஆகஸ்ட் கடைசி வாரங்கள் பழைய விருந்தினர்களுக்கே போய்விடும். எந்தக் கைடோடு உங்களுக்கு ஒத்துப்போனது என்பதையும் அப்போதே பதிவு செய்யச் சொல்லுங்கள்.